கறவை மாடுகளின் கருவுறுதலும் நிலவின் பிறைநிலைகளும்

முன்னுரை

விதைப்புக்கும் மரம் வெட்டுவதற்கும் வளர்பிறை, தேய்பிறை பார்க்கும் வழக்கம் தமிழகத்தில் மட்டுமன்றி ஐரோப்பிய உழவரிடமும் உண்டு. நிறைநிலவை ஒட்டிப் பசுக்கள் மிகுதியாக ஈனும் என்பதும், வளர்பிறையில் சேர்த்தால் சினை நிற்கும் என்பதும் இவ்வகை நம்பிக்கைகளே. இவை பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆயின், கருவுறுதலும் ஈனுதலும் வெவ்வேறு உடலியல் நிகழ்வுகள். ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றொன்றுக்குச் சான்றாகாது.

சினைப்பருவச் சுழற்சியும் திங்கள் சுழற்சியும்

பசுவின் சினைப்பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 நாள் வரை அமையலாம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை உள்ள காலம் 29.53 நாள். ஆகவே, நிறைநிலவில் பருவத்திற்கு வந்த பசு அடுத்த முறை, மறு நிறைநிலவுக்கு எட்டரை நாள் முன்னதாகவே பருவமடையும். ஏழு சுழற்சிகள் 147 நாள். ஐந்து திங்கள்கள் 147.65 நாள். சினையாகாத ஒரு பசு ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பிறைநிலைகள் அனைத்தின் ஊடாகவும் பருவம் கண்டுவிடுகிறது. சுழற்சியை நிலவு இயக்குவதாயின் இவ்விலகல் நிகழாது.

ஈற்று குறித்த ஆய்வுகள்

ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரே வகைப் பராமரிப்பில் இருந்த ஹோல்ஸ்டீன் பசுக்களின் 428 இயல்பான ஈற்றுகளை யொனெசவா குழுவினர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். வளர்பிறையின் பிற்பகுதிக்கும் நிறைநிலவுக்கும் இடையே ஈற்றுகள் மிகுந்திருந்தன. இவ்வேறுபாடு முன்பே ஈன்ற பசுக்களிடம் தெளிவாகவும், தலையீற்றுக் கிடாரிகளிடம் தெளிவின்றியும் இருந்தது. மாறாக, சுவிட்சர்லாந்தில் 2008 முதல் 2010 வரை பதிவான இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈற்றுகளை ஆராய்ந்தபோது, ஈற்று நாளை முன்கூட்டிக் கணிக்க உதவும் தொடர்பு நிலவுக்கும் ஈற்றுக்கும் இடையே புலப்படவில்லை.

இங்கு ஒரு கணக்குச் சிக்கல் மறைந்துள்ளது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், அதாவது ஒன்பதரைத் திங்கள். அமாவாசையை ஒட்டிக் கருவுற்ற பசு நிறைநிலவை ஒட்டி ஈனும். சினைக்காலம் பசுவுக்குப் பசு சில நாள் வேறுபடுவதால் இத்தொடர்பு மங்குமேயன்றி முற்றும் மறையாது. எனவே ஒரு பண்ணையில் கருவூட்டல் எக்காரணத்தாலோ ஒரு பிறைநிலையில் குவிந்திருந்தால், அதன் நிழல் எதிர்ப் பிறைநிலையின் ஈற்றுகளில் விழும். கருவூட்டல் நாளைச் சேர்த்து ஆராயாமல் ஈற்று நாளை மட்டும் எண்ணும் ஆய்வு, நிலவின் விளைவையும் பண்ணையாளரின் வேலைமுறையையும் பிரித்தறிய இயலாது.

ஒளியும் பருவம் அறிதலும்

நிறைநிலவின் ஒளி 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. பால் பெருக்கத்திற்காகக் கொட்டகைகளில் பரிந்துரைக்கப்படும் ஒளியோ 150 லக்ஸுக்கு மேல். விளக்கெரியும் கொட்டகையில் கட்டப்பட்ட பசுவுக்கு நிலவொளி எட்டுவதே ஐயம். திறந்த பட்டியில் நிலைமை வேறு. பருவக்குறிகள் பலவும் இரவில் தோன்றுவன. நிலவொளியில் பசு மற்றொன்றின்மேல் தாவுவதை உழவர் எளிதில் காண்பார், உரிய நேரத்தில் ஊசி போடச் செய்வார், சினையும் நிற்கும். இங்கு நிலவு உதவுவது பசுவின் கருப்பைக்கு அன்று, உழவரின் கண்ணுக்கே.

பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரமே. அது முடிந்து ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும். தேய்பிறை கழியட்டும் என ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீவனச் செலவு வீணாகும். அடுத்த பருவமும் வளர்பிறையில் வரும் என்பதற்கு உறுதியில்லை. தமிழகக் கால்நடை மருந்தகங்களின் கருவூட்டல் பதிவேடுகளில் உள்ள நாள்களையும் சினைப் பரிசோதனை முடிவுகளையும் பஞ்சாங்கத் திதிகளோடு ஒப்பிடுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கொட்டகைப் பசுக்களையும் பட்டிப் பசுக்களையும் தனித்தனியே எண்ணினாலே போதும்.