ஆபத்து வேளையில் மொழி: சிங்கப்பூரின் நெருக்கடிகால ஆயத்தமும் தமிழும்

ஒரு நகரம் ஆபத்தை எதிர்கொள்ள எவ்வாறு ஆயத்தமாக இருக்கிறது என்று கேட்டால், தீயணைப்பு வண்டிகள், மருத்துவ ஊர்திகள், அபாயச் சங்குகள், பயிற்சி பெற்ற வீரர்கள் ஆகியவற்றையே நாம் எண்ணிக் காட்டுவோம். அவை யாவும் இன்றியமையாதவை. ஆயினும் அவை இயங்கத் தொடங்கும் முன் யாரோ ஒருவர் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். வேறொருவர் அதனைப் பிழையின்றிப் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்கும் சிங்கப்பூரில் இந்தச் சொல்லலும் கேட்டலும் தாமாக நிகழ்ந்துவிடுவதில்லை.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். தமிழகத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் ஊழியர்கள் இக்கணக்கில் சேராதவர்கள். நம் முதியோர் பலருக்கும் இவ்வூழியர்களுக்கும் அச்ச வேளையில் முதலில் நாவில் எழும் மொழி தமிழே. நகரின் ஆயத்த அமைப்பில் தமிழ் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

ஆயத்தம் வளர்ந்த வரலாறு

சிங்கப்பூரின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவும் பேரிடர்களிலிருந்து கற்ற பாடங்கள். 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் மூண்ட தீ, அத்தாப்புக் குடிசைகளைச் சாம்பலாக்கி ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கப்பெற்றிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளை விரைந்து கட்டிக்கொடுத்தது. ஒரு தீவிபத்து நாட்டின் வீடமைப்பையே விரைவுபடுத்தியது.

1972ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் கடைத்தொகுதி எரிந்தது. உயிரிழந்த 9 பேருள் பெரும்பாலோர் மின்தூக்கிகளுக்குள் சிக்கிக்கொண்டவர்கள். தீயின்போது மின்தூக்கியை நாடலாகாது என்று இன்று ஒவ்வொரு கட்டடத்திலும் காணும் அறிவிப்பின் பொருள் எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

தேசியக் குடிமைத் தற்காப்புத் திட்டம் 1982இல் அறிமுகமாயிற்று. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் நொடிப்பொழுதில் சரிந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அப்போது பெருவிரைவு ரயில் சுரங்கப் பணியில் ஈடுபட்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் தாமாக முன்வந்து இடிபாடுகளுக்குள் வழி தோண்டினர். கட்டடத்தின் சொந்த எடையை வடிவமைப்பில் கணக்கிடாமல் விட்டதே சரிவுக்கு அடிப்படைக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. மீட்புப் பணிக்கெனத் தனித்திறனும் தனிக்கருவிகளும் வேண்டும் என்பதை நாடு உணர்ந்தது. 1989இல் தீயணைப்புச் சேவை சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையுடன் இணைக்கப்பெற்றது.

இன்றைய அமைப்பு

இன்றைய அமைப்பை மூன்று அடுக்குகளாகக் காணலாம். முதலாவது, தொழில்முறை அடுக்கு. தீயணைப்புக்கும் அவசர மருத்துவ ஊர்திக்கும் 995 என்னும் ஒரே எண். நிரந்தரப் படைவீரர்களும் தேசிய சேவையாளர்களும் தீவெங்கும் பரவிய நிலையங்களிலிருந்து புறப்படுகின்றனர். தீச்சம்பவ இடத்தை 8 நிமிடங்களிலும், அவசர மருத்துவ அழைப்புக்குரிய இடத்தை 11 நிமிடங்களிலும் அடைவது படை தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு. அவசரமற்ற மருத்துவப் போக்குவரத்துக்கு 1777 என்னும் வேறு எண் உண்டு.

இரண்டாவது, கட்டடங்களுக்குள்ளேயே அமைந்த அடுக்கு. 1997ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் தடித்த சுவரும் எஃகுக் கதவும் கொண்ட புகலிட அறை இடம்பெறுகிறது. சுரங்க ரயில் நிலையங்கள் சில பொதுப் புகலிடங்களாகவும் பயன்படும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. பொது எச்சரிக்கைச் சங்குகள் மூவகை ஒலி எழுப்பும்: ஏறி இறங்கும் ஒலி அபாயத்தையும், தொடர்ந்து நீளும் ஒலி அபாயம் நீங்கியதையும், விட்டுவிட்டு ஒலிப்பது முக்கிய அறிவிப்பு வரவிருப்பதையும் குறிக்கும். முழுமைத் தற்காப்பு நாளான பிப்ரவரி 15 அன்று மாலை 6.20 மணிக்கு நாம் கேட்பது மூன்றாவது ஒலி. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நேரத்தை அது நினைவூட்டுகிறது.

மூன்றாவது அடுக்கு அக்கம்பக்கத்தார். இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சழுத்தம் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எனவே ஊர்தி 11 நிமிடங்களில் வந்தாலும் அது காலந்தாழ்ந்ததாகிவிடலாம். இவ்விடைவெளியை நிரப்பவே 2015இல் 'மைரெஸ்பாண்டர்' செயலி வந்தது. இதயம் நின்றவரிடமிருந்து 400 மீட்டருக்குள் இருக்கும் தொண்டூழியர்களை அது அழைக்கிறது. அடுக்குமாடி வீட்டுப் புளோக்குகளின் கீழ்த்தளங்களில் இதயத்துடிப்பை மீட்கும் தானியங்கிக் கருவிகள், இரண்டு புளோக்குக்கு ஒன்று என்னும் அளவில், பொருத்தப்பட்டன. 2012ஆம் ஆண்டு முதல் 995இல் பதிலளிப்போர், அழைத்தவரையே இதய இயக்க மீட்புச் சிகிச்சை செய்யுமாறு தொலைபேசி வழியே நெறிப்படுத்துகின்றனர்.

முதல் இரண்டு அடுக்குகளிலும் இயந்திரமும் கட்டுமானமும் முதன்மை பெறுகின்றன. மூன்றாவது அடுக்கு பெரும்பாலும் சொல்லால் இயங்குவது. மொழியியலார் நோக்க வேண்டிய இடமும் அதுவே.

நோயைச் சொல்லும் சொற்கள்

தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒரு பாட்டியின் கணவர் நினைவிழந்து விழுகிறார். பாட்டி பேரனை எழுப்பி, "தாத்தாவுக்கு மயக்கம்" என்கிறார். பேரன் ஆங்கிலத்தில் அதனைத் தலைசுற்றல் என்று பெயர்த்துச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் நினைவுள்ள ஒரு நோயாளியை மனத்தில் கொள்வார். இது கற்பனை எடுத்துக்காட்டே எனினும், தமிழ்ச்சொல்லின் இயல்பிலிருந்து எழுவது. 'மயக்கம்' என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். 'மயக்கமா வருது' என்பது முன்னது. 'மயங்கி விழுந்துட்டாரு' என்பது பின்னது. பெயர்ச்சொல்லாக மட்டும் சொன்னால் வேறுபாடு மறைந்துவிடும்.

'மூச்சு வாங்குது' என்பது மூச்சிரைப்பு. 'மூச்சு இல்லை' என்பது இதயம் நின்றிருக்கக்கூடிய நிலை. 'வலி'யும் 'வலிப்பு'ம் ஒலியில் நெருங்கியவை, மருத்துவத்தில் தொலைவானவை. 'நெஞ்சு எரியுது' என்று ஒருவர் சொல்வது செரிமானக் கோளாறாகவும் இருக்கலாம், மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே இளையோர் தமிழில் கேட்கப் பழக வேண்டிய கேள்விகள் இரண்டு: "கூப்பிட்டா பதில் சொல்றாரா?" "மூச்சு விடறாரா?" இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் 'மயக்கம்' எதுவென விளங்கிவிடும்.

இடத்தைச் சொல்வதும் இத்தகையதே. மூத்த தலைமுறையினர் ஊரை அடையாளங்களால் அறிவர். ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரம் தமிழர் நாவில் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே வழங்கியது. அவசர ஊர்திக்கோ புளோக் எண், மாடி, வீட்டு எண், ஆறிலக்க அஞ்சல் குறியீடு ஆகியவை வேண்டும். கோயிலுக்குப் பின்னால், சந்தைக்கு எதிரே என்னும் குறிப்புகள் அக்கம்பக்கத்தார்க்கு உதவும். தொலைவிலிருந்து வருவோர்க்கு உதவா.

அறிவிப்பின் தொடரமைப்பு

ராபின்சன்ஸ் தீயின் பாடத்தைக் கூறும் தொடருக்கு மீண்டும் வருவோம். ஆங்கிலத்தில் விலக்குச் சொல் வினைக்கு முன்னரே வந்துவிடுகிறது. மலாயில் 'ஜாங்ஙான்' என்பது தொடக்கத்திலேயே நின்று தடுக்கிறது. மாண்டரினிலும் விலக்குச் சொல் வினைக்கு முன் நிற்கும். தமிழில் மட்டும் வினை இறுதியில் வருகிறது. விலக்கோ அவ்வினையின் ஈற்றில் ஒட்டிக்கொள்கிறது. 'தீ ஏற்படும்போது மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள்' என்னும் தொடரில், 'பயன்படுத்து' என்பது செவியில் விழுந்த பிறகே 'ஆதீர்கள்' வருகிறது. சங்கொலிக்கும் கூச்சலுக்கும் இடையே அந்த இறுதி அசைகள் தேய்ந்தால், கேட்பவர் காதில் எஞ்சுவது விலக்கப்பட்ட செயலின் பெயர் மட்டுமே.

இது தமிழின் குறைபாடு அன்று; பிறமொழித் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் நேரும் குறைபாடு. 'மின்தூக்கி வேண்டாம். படிக்கட்டில் இறங்குங்கள்' என இரு சிறு தொடர்களாக்கினால் இடர் பெரிதும் நீங்குகிறது. விலக்குக்குரிய வினையே அங்கு இல்லை. செய்யத்தக்கது எதுவென்பது ஏவலாக வந்துவிடுகிறது.

தமிழின் தொடரமைப்புக்கு ஒரு சிறப்பும் உண்டு. செயல்கள் நிகழும் வரிசையிலேயே சொற்களை அடுக்குவது தமிழுக்கு இயல்பு. 'அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியேறுங்கள்' என்னும் தொடரில் வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழிகாட்டிச் செல்கின்றன. பதற்றத்தில் இருப்பவர் கேட்ட வரிசையிலேயே செய்யலாம்.

ஏவல் வடிவமும் கருதத்தக்கது. பயங்கரவாதத் தாக்குதலின்போது ஓடவும் மறைந்துகொள்ளவும் தகவல் தெரிவிக்கவும் மக்களைப் பழக்கும் முழக்கம் ஆங்கிலத்தில் மூன்று ஓரசைச் சொற்களால் ஆனது. தமிழில் 'ஓடு' என்பது கூரை ஓட்டையும், 'ஒளி' என்பது வெளிச்சத்தையும் குறிக்கும். மேலும் முதியவர் ஒருவரைப் பொது இடத்தில் 'ஓடு' என்று ஏவ நம் நாகரிகம் இடந்தராது. 'ஓடுங்கள், மறைந்துகொள்ளுங்கள்' என்று நீட்டினால் பொருள் தெளியும், மரியாதையும் நிலைக்கும். இரண்டு மூன்று அசைகள் கூடுவதால் வரும் இழப்பைவிடத் தெளிவால் வரும் பயன் பெரிது.

சொல்லாக்கமும் மக்கள் வழக்கும்

எச்சரிக்கைச் சொல் எதுவாயினும், ஆபத்து வருமுன்னரே மக்கள் நாவில் புழங்கியிருத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, அதற்குரிய சொல் தமிழர் பெரும்பாலோரிடம் இல்லை. மலேசியாவில் மட்டும் 68 உயிர்கள் பறிபோயின. தமிழகத்திலும் இலங்கையிலும் ஏற்பட்ட இழப்பை நாம் அறிவோம். 'ஆழிப்பேரலை' என்னும் அழகிய சொல் பரவலானது அதன் பின்னரே. ஆயினும் இன்று சிறுவரும் உடனே உணர்ந்துகொள்வது 'சுனாமி' என்னும் ஜப்பானியச் சொல்லைத்தான். இலக்கியத்தில் முன்னதும் எச்சரிக்கையில் பின்னதும் வழங்குவதில் தவறில்லை.

நல்ல எடுத்துக்காட்டுகளும் நம்மிடம் உள்ளன. 'புகைமூட்டம்' என்பது கேட்டதும் கண்முன் நிற்கும் சொல். 2013 ஜூன் மாதத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது அச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2020 ஏப்ரலில் அரசு அறிவித்த கட்டுப்பாடுகளுக்கு ஆங்கிலத்தில் மின்சுற்றைத் துண்டிக்கும் கருவியின் பெயரைச் சூட்டினர். தமிழில் அவ்வுருவகத்தை அப்படியே பெயர்க்காமல், 'முறியடிப்பு' என்னும் சொல்லைக் கொண்ட தொடர்களை ஆண்டனர். கருவியின் பெயர் போய், செயலின் நோக்கம் பெயராயிற்று. மொழிபெயர்ப்பாளர் பின்பற்றத்தக்க நெறி இது.

எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும்

தமிழ் இருவழக்கு மொழி. சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கு எழுத்துவழக்கு பொருந்தும். தொலைபேசியில் ஒருவர் நெஞ்சழுத்தம் செய்ய வழிகாட்டும்போது அது பொருந்தாது. 'மார்பின் மையப்பகுதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தவும்' என்பதைக் கேட்டு ஒருவர் சிந்திப்பதற்குள் நொடிகள் கழிந்துவிடும். 'நெஞ்சு நடுவுல கைய வைங்க. நல்லா அழுத்துங்க. என்னோட சேர்ந்து எண்ணுங்க' என்பது உடனே செயலாகும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டிய வேகத்துக்கு, சேர்ந்து எண்ணுவதே தாளம்.

2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் தரமான பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. அதனை மொழியின் வாழ்வுக்கான ஏற்பாடாகவே பலரும் நோக்கினர். தாத்தா பாட்டியுடன் தடையின்றிப் பேசத் தெரிந்த பேரப்பிள்ளை, ஆபத்து வேளையில் அவர்களுக்கும் 995க்கும் இடையே பாலமாவான் என்பதும் அதன் பயன்களுள் ஒன்று.

செய்யத்தக்கவை

தமிழாசிரியர்கள் உரையாடற் பயிற்சிகளுள் அவசர அழைப்பு ஒன்றையும் சேர்க்கலாம்: நோயாளியின் நிலையைத் தமிழில் கேட்டறிந்து, ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் பயிற்சி. அறிவிப்புகளை மொழிபெயர்ப்போர், அச்சுக்கு அனுப்புமுன் அவற்றை ஒரு முதியவரிடமும் ஒரு விடுதி ஊழியரிடமும் உரக்கப் படித்துக் காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். விடை சரியாக வராவிடின் தொடரைத் திருத்த வேண்டும். குடும்பத்தார் தொலைபேசிக்கு அருகே ஓர் அட்டையை ஒட்டிவைக்கலாம்: 995 என்னும் எண், புளோக், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, உட்கொள்ளும் மருந்துகள். முதியோர் அதனை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல இரண்டொரு முறை பழகினால் போதும்.

மொழியைப் பேணுதல் என்றால் இலக்கியத்தைப் போற்றுதல், சொல்வளத்தைக் காத்தல் என்று நாம் கொள்கிறோம். அவற்றோடு, தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் தம் வீட்டில் தீப்பற்றும் நாளில் தம் மொழியாலேயே உதவி பெறும் நிலையை உறுதிசெய்வதும் மொழிப்பேணல் ஆகும். அதற்குரிய சொற்கள் நம்மிடம் உள்ளன. ஆபத்து வருமுன் அவற்றைத் தேர்ந்து, ஒழுங்குபடுத்தி, நாவுக்கும் செவிக்கும் பழக்கப்படுத்தி வைப்பது நம் கடமை.