பந்தயப் புறாக்களின் கூண்டுத் தூய்மையும் நோயறிதலும்

பந்தயப் புறா என்பது, தொலைவில் விடப்பட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வரும் இயல்புக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட வீட்டுப் புறா ஆகும். இது மாடப்புறாவின் வழி வந்தது. புறாப் பந்தயம் 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் விளையாட்டாக வளர்ச்சியடைந்து பிற நாடுகளுக்குப் பரவியது. சென்னையிலும் பந்தயப் புறா வளர்ப்போர் உள்ளனர்.

பந்தயத்திற்கு முன் பல கூண்டுகளின் புறாக்கள் ஒரே வண்டியில், நெருக்கமான கூடைகளில் ஏற்றப்படுகின்றன. ஆண்டுதோறும் நடைபெறும் பார்சிலோனா பந்தயத்தில் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பறவைகள் இவ்வாறு சில நாட்கள் ஒன்றாகப் பயணிக்கின்றன. ஆகவே ஒருவருடைய கூண்டில் கவனிக்கப்படாத நோய், ஒரு வார இறுதியில் வேறு பலருடைய கூண்டுகளுக்குச் சென்றுவிடக் கூடும்.

== கூண்டுத் தூய்மை ==

கூண்டில் நோயைப் பெருக்குவது அழுக்கைக் காட்டிலும் ஈரமே எனலாம். காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். புறாவின் எச்சத்தோடு வெளியேறும் இதன் உறையிட்ட முட்டைகள் உடனே நோயைத் தொற்றுவிப்பதில்லை. ஈரமும் வெப்பமும் உயிர்வளியும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாட்களில் முதிர்ந்து, அதன் பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. எச்சத்தை நாள்தோறும் சுரண்டி அகற்றுபவர் இந்தச் சுழற்சியை இடையிலேயே அறுத்துவிடுகிறார். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிடாமல் புறாக்களை உள்ளே விடுபவரோ, நல்ல நோக்கத்தோடு அதே முட்டைகளுக்கு வேண்டிய ஈரத்தை அளிக்கிறார். இம்முட்டைகள் வழக்கமான தொற்றுநீக்கிகள் பலவற்றையும் தாங்கக் கூடியவை. சூடும் உலர்ச்சியும் இவற்றை அழிக்கும். ஐரோப்பிய வளர்ப்போர் சிலர் தீச்சுடர் விளக்கால் தரையை வாட்டுவது இதனாலேயே. மரக்கூண்டில் இதைச் செய்வோர் தீவிபத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பாக்டீரியாக்களையும் தீநுண்மங்களையும் அழிக்கத் தொற்றுநீக்கிகள் பயன்படுகின்றன. ஆயினும் குளோரின் சேர்ந்த கரைசல்கள் எச்சத்தின் மீது ஊற்றப்பட்டால் அதிலேயே வலுவிழந்துவிடும். முதலில் சுரண்டிப் பெருக்கி, பின்னரே தெளித்தல் வேண்டும்.

காற்றோட்டத்தைப் பொறுத்தவரை, கீழே நுழையும் காற்று கூரையருகே வெளியேறுவது நன்று. அது புறாக்களின் மீது நேராக வீசக் கூடாது. காலையில் கூண்டைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். சென்னை போன்ற கடலோர நகரங்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரையை உலர்வாக வைத்திருப்பது கடினம். தரைக்குச் சற்று மேலே கம்பித் தட்டிகளை அமைத்தால் புறாக்கள் எச்சத்தில் கால் வைப்பது குறையும். நீர்க்கலங்கள் எச்சம் விழாதபடி மூடப்பட்டிருக்க வேண்டும். புதிதாக வாங்கிய புறாக்களையும், வழிதவறி வந்து சேர்ந்தவற்றையும் சில வாரங்கள் தனியே வைத்திருத்தல் நன்று.

== நோயறிதல் ==

நோயறிதல் எச்சத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது. நலமுள்ள புறாவின் எச்சம் உருண்டு திரண்டு, வெண்ணிற முனையுடன் காணப்படும். நீர்த்த எச்சம் அனைத்தும் வயிற்றுப்போக்கு அன்று. திரண்ட எச்சத்தைச் சுற்றித் தெளிந்த நீர் தேங்கியிருந்தால் அது மிகுதியான சிறுநீர். எச்சமே குழைந்திருந்தால்தான் குடல் நோயை ஐயுற வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது குடல் மருந்து கொடுத்து நாட்களை இழப்போர் பலர்.

மிகுதியான சிறுநீர் புறாப் பாராமிக்சோ தீநுண்ம நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகும். இத்தீநுண்மம் சிறுநீரகங்களையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. சில நாட்களில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தானியத்தைக் கொத்தும்போது குறி தவறும். 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய இந்நோய், 1984 இல் பிரித்தானியக் கோழிப் பண்ணைகளையும் தாக்கியது. லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் இருந்த தீவனப் பொருட்களில் நோயுற்ற காட்டுப் புறாக்களின் எச்சம் கலந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் பயனில்லை. தடுப்பூசி உண்டு, பிரித்தானியாவில் பந்தயப் புறாக்களுக்கு அது சட்டப்படி கட்டாயமாகும்.

தொண்டையில் மஞ்சள் நிறப் பாலாடைக்கட்டி போன்ற படிவு காணப்பட்டால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு ஒட்டுண்ணியை ஐயுறலாம். இது தாய் தந்தையர் ஊட்டும் புறாப் பால் வழியாகக் குஞ்சுகளுக்கும், பொது நீர்க்கலம் வழியாகப் பிற புறாக்களுக்கும் செல்கிறது. தீனிப்பையிலிருந்து எடுத்த சளியை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் கலந்து, உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டுண்ணிகள் நெளிந்து ஓடுவது தெரியும். ஆறிவிட்டால் அவை அசைவற்றுப் போவதால், ஆய்வகம் சேரத் தாமதமான மாதிரி "நோயில்லை" என்று தவறாகக் காட்டக் கூடும். நலமாகத் தோன்றும் முதிர்ந்த புறாக்களிலும் இவை சிறு எண்ணிக்கையில் இருப்பது வழக்கம். எனவே எத்தனை உள்ளன, புறா எவ்வாறு உள்ளது என்னும் இரண்டையும் சேர்த்தே மருந்து தேவையா என முடிவு செய்ய வேண்டும். குறைந்த அளவில் அடிக்கடி மருந்து கொடுப்பது மருந்தை எதிர்க்கும் வகைகளை உருவாக்குகிறது.

சிறகு மூட்டு வீக்கம், நொண்டுதல், பொரியாத முட்டைகள் ஆகியவை சால்மோனெல்லாவைச் சுட்டலாம். இதை உறுதிப்படுத்த நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனை வேண்டும். இந்தப் பாக்டீரியா எச்சத்தில் விட்டுவிட்டே வெளியேறுவதால் பல நாள் எச்சத்தைச் சேர்த்து அனுப்புவது நல்லது. முன்கூட்டியே நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்திருந்தால் சோதனையில் ஒன்றும் வளராது போகலாம். பந்தயப் பருவத்திற்கு முன் "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாப் புறாக்களுக்கும் மருந்து கலக்கும் பழக்கம் இதனாலும் தீங்கானது.

இறந்த புறாவையும் வீணென்று எறிதல் கூடாது. அதைக் குளிரூட்டி, உறையவிடாமல், கால்நடை மருத்துவரிடம் சேர்த்தால் உடற்கூற்றாய்வில் விடை கிடைக்கலாம். 2016 இல் ஆஸ்திரேலியாவில் திடீரென இறந்த பந்தயப் புறாக்களை ஆராய்ந்தபோதுதான், கல்லீரலைத் தாக்கும் புறா ரோட்டா தீநுண்மம் தெரிய வந்தது. பின்னர் ஐரோப்பாவில் இளம் புறாக்களைத் தாக்கி வந்த நோயிலும் அதற்குப் பங்குண்டு எனக் காட்டப்பட்டது.

== வளர்ப்போரின் உடல்நலம் ==

புறாக்களின் இறகுத் தூசியையும் உலர்ந்த எச்சத் தூளையும் பல ஆண்டுகள் சுவாசிப்போருக்கு, ஒவ்வாமையால் "புறா வளர்ப்போர் நுரையீரல்" எனப்படும் நோய் உண்டாகலாம். கூண்டைத் துப்புரவு செய்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் தோன்றி, மறுநாள் தணிந்துவிடுவதால் பலர் இதைச் சளிக்காய்ச்சல் என்றே எண்ணிவிடுகின்றனர். தொடர்ந்தால் நுரையீரலில் நிலையான தழும்புகள் உண்டாகும். கூண்டை உலர்ந்த நிலையில் சுரண்டுவது புறாக்களுக்கு நல்லது. சுரண்டுபவருக்கோ அதுவே தூசி மிகுந்த வேலை. ஆகையால் நுண்தூசியை வடிகட்டும் முகமூடி அணிந்து, கதவுகளைத் திறந்து வைத்தே இதைச் செய்தல் வேண்டும். மூச்சுத் தொல்லைக்காக மருத்துவரிடம் செல்பவர், புறா வளர்ப்பதை அவர் கேட்காவிட்டாலும் தாமே கூறுவது நல்லது.