நடுவானில் 2 உத்தரவு: "ஏறு" என்றது கருவி, "இறங்கு" என்றது தரை!
எதிரே இன்னொரு விமானம். தரையில் இருந்து ரேடியோவில் "இறங்கு" என்கிறார் அதிகாரி. காக்பிட்டில் உள்ள கருவியோ "ஏறு, ஏறு" என்று கத்துகிறது. விமானி யார் பேச்சைக் கேட்பார்?

2002-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இரவு 11.35 மணிக்கு, ஜெர்மனியில் உபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே, இந்தக் குழப்பம் 71 உயிர்களைப் பலி வாங்கியது.

ஒன்று ரஷ்ய விமானம். அதில் 69 பேர். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். லீவுக்கு ஸ்பெயின் போய்க் கொண்டிருந்தார்கள். மற்றது சரக்கு விமானம். அதில் 2 பைலட் மட்டும். இரண்டும் 36 ஆயிரம் அடி உயரத்தில் வந்தன.

ஒற்றை ஆள்

அந்த வான் பகுதி சுவிட்சர்லாந்தின் சூரிச் நிலையத்தின் பொறுப்பு. வேலையில் இருந்தவர் ஒருவர்தான். கூட இருந்தவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். டெலிபோனில் பழுது பார்க்கும் வேலை. ஆபத்தைப் பார்த்துவிட்ட பக்கத்து ஜெர்மன் நிலையம் போன் மேல் போன் போட்டது. லைன் கிடைக்கவே இல்லை!

மோதலுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாதபோதுதான் சூரிச் அதிகாரி கவனித்தார். ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். இறங்கத் தொடங்கிய சில வினாடிகளில் அதன் கருவி "ஏறு" என்றது. "ஏறச் சொல்லுதே" என்று துணை விமானி சொல்லியும் பார்த்தார். தரை அதிகாரி மறுபடி, சீக்கிரம் இறங்கச் சொன்னார். இறங்கினார்கள்.

சரக்கு விமானத்தின் கருவி "இறங்கு" என்றது. அதன் விமானிகள் தட்டவில்லை. அவர்களும் இறங்கினார்கள்.

ஜோடிப் பேச்சு

இந்தக் கருவியின் பெயர் 'டீகாஸ்'. இரண்டு விமானத்துக் கருவிகளும் ரேடியோவில் தங்களுக்குள் பேசிக் கொள்ளும். "நீ ஏறு, நான் இறங்குறேன்" என்று முடிவு செய்யும். ஒருவர் கேட்டு, மற்றவர் கேட்காவிட்டால் கதை கந்தல்தான்.

கண்டக்டர் "ரைட்" என்கிறார். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். பஸ் டிரைவருக்காவது பிரேக் இருக்கிறது!

2001 ஜனவரியில் ஜப்பானிலும் இதே கூத்து. 2 விமானத்திலும் சேர்த்து 677 பேர். விமானிகள் கண்ணால் பார்த்து, கடைசி நேரத்தில் விலகித் தப்பினார்கள். சுமார் 100 பேருக்குக் காயம். அப்போதே விதியைத் திருத்தி இருந்தால் அந்தப் பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஒரே வார்த்தை

2003-ல்தான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விதியைத் தெளிவாக்கியது. தரை என்ன சொன்னாலும் சரி, கருவி சொன்னபடிதான் செய்ய வேண்டும். அதுவும் 5 வினாடிக்குள். கையோடு ரேடியோவில் "டீகாஸ் ஆர்.ஏ." என்பார் விமானி. தரை அதிகாரி சொல்ல வேண்டிய பதில், "ரோஜர்". ஆபத்து நீங்கியது என்று விமானி சொல்லும்வரை, ஏறு, இறங்கு என்று அவர் வாய் திறக்கக் கூடாது.