எல்லை கடந்து வளரும் திருப்பதி

மாணவர்களே! ஒரு நகரம் எங்கே முடிகிறது? மாநகராட்சியின் எல்லைப் பலகை இதற்கு ஒரு விடை கூறும். அப்பலகையைக் கடந்த பின்னரும் சாலையின் இருமருங்கிலும் வீடுகளும் கடைகளும் தொடர்வதைக் கண்டிருப்பீர்கள். அதன் காரணத்தைத் திருப்பதியின் வாயிலாக அறிவோம்.

நில அமைப்பு

திருப்பதி, சேஷாசல மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த நகரம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்நகரம், 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்குகிறது. பண்டைத் தமிழர் வேங்கடம் என்று அழைத்த மலை இங்குள்ளது. தொல்காப்பியப் பாயிரம் அம்மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் குறிப்பிடுகிறது.

நகரின் வடக்கே மலையும் காடும் அரணாக நிற்பதால் அத்திசையில் குடியிருப்புகள் பெருக இயலாது. ஆகவே மேற்கே சந்திரகிரி, கிழக்கே ரேணிகுண்டா, தென்கிழக்கே திருச்சானூர் ஆகிய ஊர்களை நோக்கி நகரம் பரவியது. தெற்கே சுவர்ணமுகி ஆறு செல்கிறது. தமிழில் இதனைப் பொன்முகலி என்பர்.

திட்டப்பகுதி

அருகருகே உள்ள ஊர்கள் தனித்தனியே சாலையும் கழிவுநீர்க் கால்வாயும் அமைத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே நகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஒரே நிலப்படத்தில் சேர்த்துத் திட்டமிடுவர். இதுவே திட்டப்பகுதி எனப்படும். இப்பணிக்காக 1981-ஆம் ஆண்டு திருப்பதி நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் தோற்றுவிக்கப்பட்டது. பின்னர்ச் சித்தூருக்கும் இத்தகைய ஆணையம் அமைந்தது. குடியிருப்பு எங்கே, தொழிற்சாலை எங்கே, காக்க வேண்டிய ஏரி எது என்பன திட்டத்தில் வரையறுக்கப்படும்.

மக்கள்தொகை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, திருப்பதி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 2,87,000 பேர் வாழ்ந்தனர். ஒட்டி வளர்ந்த பகுதிகளையும் சேர்த்தால் அத்தொகை ஏறத்தாழ 4,60,000 ஆகும். அதாவது, நகரத்து மக்களுள் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே வாழ்ந்தனர்!

திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரம் அடியார்கள் வருகின்றனர். நகரின் மக்கள்தொகையில் அவர்கள் சேர்வதில்லை. எனினும் அவர்களுக்கும் குடிநீர், பேருந்து, தங்குமிடம் ஆகியன வேண்டும். உறைவோர், வருவோர் ஆகிய இருசாராரையும் எண்ணிப் பார்த்தே இந்நகருக்குத் திட்டமிட வேண்டியுள்ளது.

நாமும் எண்ணப்படுவோம்

தொழிலுக்காகவும் பணிமாற்றத்தாலும் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து வாழும் குடும்பங்கள் பல. அவர்களும் இந்நகரின் மக்களே. கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டிலுள்ள குழந்தை முதல் பாட்டி வரை அனைவரையும் குறிப்பிட வேண்டும். தாய்மொழி யாது என்று அவர் வினவுவார். தமிழ் என்று தயங்காது கூறுங்கள். ஒரு வீடு கணக்கில் விடுபட்டால், அவ்வீட்டாரின் குடிநீர்த் தேவையும் அவ்வீட்டுப் பிள்ளைகளின் பள்ளித் தேவையும் திட்டத்தில் விடுபட்டுப் போகும்.

சொற்பொருள்

இருமருங்கு – இரண்டு பக்கம்
அரண் – பாதுகாப்பு
உறைவோர் – நிலையாக வாழ்வோர்

வினாக்கள்

1. திருப்பதி வடக்கு நோக்கி வளர இயலாதது ஏன்?
2. திட்டப்பகுதி என்பது யாது?
3. உங்கள் தெருவுக்குத் தேவையான இரண்டு வசதிகளைக் காரணத்துடன் எழுதுக.