பழைய காரும் 'எர்த்' இணைப்பும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

மின்சுற்று என்றால் போகிற வழி மட்டுமன்று, திரும்பி வருகிற வழியும் சேர்ந்ததே என்று நாம் அனைவரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்து, "இதில் மின்னோட்டம் திரும்பி வருகிற வழி எது?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விரல் நீட்டிக் காட்டுவோம்?

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். வண்டி, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்ட பழைய அம்பாசடர். உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அது இன்னும் நிற்கவில்லை. அது ஓடினால்தான் அடுப்பும் எரியும், என் விடுதிக் கட்டணமும் நடக்கும். சென்ற மழைக்காலத்தில் காலை வேளைகளில் செல்ஃப் முனகியதே தவிர என்ஜின் சுழலவில்லை. பட்டறை ஒன்றில் பாட்டரி போய்விட்டது என்றார்கள். கடன் வாங்கிப் புதியது போட்டோம். பத்தே நாளில் பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் தந்தையார் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "செல்ஃப் அடிக்கறப்போ சோக் கம்பி சுடுதுடா!"

சோக் கம்பி ஏன் சுட வேண்டும்? அது மின்கம்பியே அல்லவே! இங்கேதான் விஷயம் இருக்கிறது.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர் இழுப்பதில்லை. போக ஒரு ஒயர். திரும்பி வர வண்டியின் இரும்பு உடலே பாதை. பாட்டரியின் எதிர்முனை பாடியுடன் முடுக்கப்பட்டிருக்கும். என்ஜினோ அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் மவுண்டிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினையும் பாடியையும் செம்பு இழைகளால் பின்னிய ஒரு பட்டையால் இணைக்கிறார்கள். இதுதான் எர்த் பட்டை. செல்ஃப் மோட்டார் என்ஜினோடு பூட்டப்பட்டிருப்பதால் அதன் மின்னோட்டம் முழுவதும் இந்தப் பட்டை வழியே திரும்ப வேண்டும். அது பழுதானால் மின்னோட்டம் வேறு வழி தேடும். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே இருக்கிற மற்றோர் உலோகம் சோக் கம்பிதானே! மெல்லிய எஃகுக் கம்பியில் அவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தால் சுடாமல் என்ன செய்யும்?

இனி ஓம் விதிக்கு வருவோம். செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் நீளமும் 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புப் பட்டையின் தடை ஓர் ஓமில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான். அதில் இழப்பது 0.05 வோல்ட். ஒன்றுமில்லை எனலாம். ஆனால் பட்டையின் நுனியில், போல்ட்டுக்கு அடியில், துருவும் பெயின்டும் சேர்ந்து 0.01 ஓம் தடையை உண்டாக்கினால் 1.5 வோல்ட் போயிற்று! 225 வாட் வெப்பமாக வீணாகிறது. அதே இணைப்பில் 10 ஆம்பியர் விளக்கு எரிந்தால் இழப்பு 0.1 வோல்ட்டே. அதனால்தான் விளக்கு பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் முனகுகிறது. எல்லோரும் மோட்டாரைச் சந்தேகிக்கிறார்கள்.

இந்த 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்க முடியாது. மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. எனவே மின்னோட்டம் பாயும்போது வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, என்ஜின் பற்றிக்கொள்ளாதபடி இக்னிஷன் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டோம். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைக் காரீயத் தண்டிலும் (கிளாம்பில் அன்று), மற்றதை என்ஜினின் சுத்தமான உலோகத்திலும் நான் வைக்க, தந்தையார் மூன்று விநாடி செல்ஃப் அடித்தார். மீட்டர் காட்டியது 1.8 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினாலே கோளாறு என்று கொள்ளலாம். பிறகு பகுதி பகுதியாக அளந்தோம். தண்டிலிருந்து கிளாம்புக்கு 0.05, கிளாம்பிலிருந்து பாடிக்கு 0.15, பாடியிலிருந்து என்ஜினுக்கு 1.6. திருடன் அகப்பட்டான்.

பட்டையைக் கழற்றிப் பார்த்தால் பாடிப் பக்கத்து முனை பெயின்டின்மேலேயே முடுக்கப்பட்டிருந்தது, சுற்றிலும் துரு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகங்களும் சில மேடுகளில் மட்டுமே உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. அந்த மேடுகளையும் துரு மூடிவிட்டால் பாதை ஏது? உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக முடுக்கி, அதன் பிறகு ஈரம் புகாமலிருக்க மேலே வாசலின் தடவினோம். பாட்டரி கிளாம்பையும் அவ்வாறே சுத்தம் செய்தோம். மறுபடி அளந்தபோது மொத்தம் 0.2 வோல்ட். சோக் கம்பி சுடவில்லை. புதிய செல்ஃப் மோட்டாரும் வாங்கவில்லை. செலவு: ஒரு உப்புத்தாள், ஒரு வாஷர்.

இதைச் செய்ய விரும்பும் நண்பர்கள் முதலில் பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். கடைசியில் அதை மாட்டுங்கள். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதை வேதியியல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எர்த் ஒயர்களைக் கட்டுக்கட்டாக விற்று, "மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்" என்கிறார்களே, அதுவும் பயன்தருமா என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். இழப்பு ஏற்கெனவே 0.2 வோல்ட்தான் என்றால், இன்னும் நான்கு ஒயர் போட்டாலும் மீட்கக் கிடைப்பது அந்த 0.2-க்குள்தான். முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.