முகத்திற்குப் பூசும் களிம்பில் என்ன இருக்கிறது?

அண்மையில் ஒரு கல்லூரி மாணவி தம் தாயாருடன் தோல் பிரிவுக்கு வந்திருந்தார். முகம் முழுவதும் சிவந்திருந்தது. கன்னங்களில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. வெயிலில் நின்றால் எரிகிறது என்றார். ஓராண்டுக்கு முன் அவருக்கு இருந்தவை நான்கைந்து பருக்களும் அவை விட்டுச் சென்ற கரும்புள்ளிகளும் மட்டுமே. தோழி சொன்ன களிம்பொன்றை மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கி, நாள்தோறும் இரவில் பூசி வந்திருக்கிறார். "முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனதே, டாக்டர்" என்றார் தாயார். அவர் சொன்னது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

அக்களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு தீய மருந்து அன்று. கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு நாங்களே எழுதித் தருகிறோம். அது அழற்சியைத் தணிக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும். நிறமிச் செல்களின் வேலையைக் குறைக்கும். ஆகவே முதல் சில வாரங்களில் சிவப்பும் கருமையும் குறைந்து முகம் வெளுத்துத் தோன்றும். மாதக்கணக்கில் பூசும்போதோ தோல் மெலிகிறது, குழாய்கள் விரிந்தபடியே நின்றுவிடுகின்றன, முடி வளர்கிறது, புதிய பருக்கள் கிளம்புகின்றன. முன்கைத் தோலைவிட நெற்றித் தோல் ஏறத்தாழ 6 மடங்கு மருந்தை உறிஞ்சுவதால், முகத்தில் இக்கேடு விரைவில் நேர்கிறது. கண்ணருகே நெடுநாள் பூசினால் கண் நீர் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

களிம்பை நிறுத்தியதும் சில நாள்களில் சிவப்பும் எரிச்சலும் பருக்களும் முன்னிலும் மிகுதியாகத் திரும்பும். 'களிம்பை விட்டதால் முகம் கெட்டது' என்று எண்ணி நோயாளி மீண்டும் அதையே பூசுவார், உடனே தணியும். இந்தச் சுழலில் ஆண்டுக்கணக்கில் சிக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். களிம்புதான் காரணம் என்பதை அவர்களை ஏற்கச் செய்வதே மருத்துவத்தின் கடினமான பகுதி.

வீட்டிலுள்ள குழாயை எடுத்து அதன்மேல் அச்சிட்டுள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், புளூசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மங்குக்குத் தரப்படும் மூன்று மருந்துக் கலவையிலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் ஆகியவற்றுடன் ஸ்டீராய்டும் உண்டு. அது மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. கருவுற்றிருப்போர் அதைத் தாமாகப் பூசவே கூடாது. 2018ஆம் ஆண்டில் நடுவண் அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை, மருந்துச் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய அட்டவணையில் சேர்த்தது. ஆயினும் கேட்டவுடன் கிடைப்பது நீங்கள் அறியாததன்று.

படர்தாமரைக்கு இதைப் பூசுவது இன்னும் கேடு. அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உருமாறிப் பரவும். நோயை இனங்காண்பது எங்களுக்கும் கடினமாகிவிடும்.

நெடுநாள் பூசியவர்கள் எங்களிடம் காட்டிய பின் நிறுத்துவது நல்லது. சிலருக்கு உடனே நிறுத்தலாம். சிலருக்கு வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்போம். தோல் தேற மாதங்கள் ஆகும். அதுவரை மென்மையான சோப்புக் கரைசலால் நாளுக்கு இருமுறை முகம் கழுவி, மணமற்ற ஈரப்பதக் களிம்பு பூசுங்கள். பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு வேண்டும். குடையும் நல்ல மருந்தே. எலுமிச்சைச் சாறு, பற்பசை, சொரசொரப்பான ஸ்கிரப் ஆகிய எவையும் வேண்டா. சாதாரணப் பருவுக்கு முறையான மருந்து பலன் காட்டவே 6 முதல் 8 வாரங்கள் ஆகும். மூன்றே நாளில் முகத்தை மாற்றும் களிம்பைக் கண்டால் ஐயுறுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 'கறுத்துவிட்டாயே' என்னும் ஒரு சொல்லே பல பிள்ளைகளை மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறது. உங்களுக்கு எழுதித் தந்த களிம்பைப் பிள்ளைகளுக்குப் பூசவும் வேண்டாம்.

மருத்துவமனைக்கு வரும் நாளில் ஒப்பனையின்றி வாருங்கள். இதுவரை பூசிய களிம்புகள் அனைத்தையும், தீர்ந்துபோன குழாய்கள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.