தபால்பையில் வந்த விமர்சனம்

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, யாப்பில் அடங்காததைக் கவிதையென்று ஒப்புக்கொள்ளப் பண்டிதர்கள் தயாராக இல்லை. எழுதியவர்களும் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி, திருவனந்தபுரத்தில் நகுலன், கடலுக்கு அப்பால் திருகோணமலையில் தருமு சிவராமு என்ற பிரமிள். தபால்காரரின் பைதான் அவர்களுக்கு வாய்த்த இலக்கியக் கூட்டம்.

அந்தக் கடிதங்களை நலம் விசாரிப்பு என்று ஒதுக்க முடியாது. ஓசையை விட்டபின் கவிதையைத் தாங்குவது எது, இந்தப் படிமம் அனுபவத்திலிருந்து வந்ததா, படித்ததிலிருந்து வந்ததா என்றெல்லாம் இன்லண்டின் மடிப்பு ஓரம்வரை எழுதிக் கேட்டுக்கொண்ட காலம் அது. ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ நூலுக்காக 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற வல்லிக்கண்ணன், முகம் தெரியாத இளைஞனின் முதல் தொகுப்புக்கும் பதில் போடுவார். நெல்லையில் விமர்சகர் தி.க.சி.யும் அப்படித்தான். அவருடைய அஞ்சலட்டை வந்த நாளை மறக்காத எழுத்தாளர்கள் பலர். அவர் மகன் வண்ணதாசனின் கடிதங்களோ ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தனி நூலாகவே வந்தன.

இன்றும் அஞ்சலட்டை ஐம்பது காசுதான். வாங்கத்தான் ஆளில்லை. இரவு முகநூலில் ஏறும் கவிதைக்கு விடிவதற்குள் நூறு இதயக்குறிகள் விழுகின்றன. இதைக் குறையென்று தள்ள எனக்கு மனமில்லை. மட்டக்களப்பிலோ டொராண்டோவிலோ எழுதும் ஒரு பெண் எந்த இதழாசிரியரின் தயவுக்கும் காத்திராமல் வாசகரை எட்டுவது பெரிய விடுதலை.

ஆனால் ‘கடைசி மூன்று வரி வேண்டாம், கவிதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது’ என்று நண்பர் தனியாகச் சொல்லும் இடம் சுருங்கிவிட்டது. நாலு பேர் பார்க்கச் சொன்னால் அது அவமானமாகிறது. வாட்ஸ்அப்பில் சொன்னால் கைபேசி மாறும்போது தொலைகிறது. கடிதத்தில் வந்த கண்டிப்பைக் கவிஞர் ஆற அமரப் படித்தார், வாரம் கழித்து மறுத்து எழுதினார். அந்த மறுப்பில்தான் புதுக்கவிதை தன் இலக்கணத்தைத் தேடிக்கொண்டது.

இப்போதும் கவிதைக்காக மின்னஞ்சலில் மல்லுக்கட்டும் இரண்டு பேர் எங்கோ இருப்பார்கள். அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: அழிக்காதீர்கள். அச்செடுத்து, தேதி குறித்து, பழைய கடிதங்களைக் காக்கும் நூலகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.